படையலில் வைத்த கத்தி

பெட்டிக்குள் பதினொன்றும் மூடிக் கிடந்தன. நேற்று வந்த பன்னிரண்டாவது மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

சபாபதி அதை மடக்கி வைத்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. கத்தி, கரண்டி, முள்கரண்டி மூன்றும் ஒரே பிடிக்குள் மடங்கிச் சட்டைப்பையில் அடங்குமே, அந்தப் பழைய வெள்ளைக்காரச் சாமானைச் சேர்க்கிற பைத்தியம். சீமைக்குத் திரும்பும் துரைமார் வீட்டு ஏலத்தில் முதல் ஆளாக நிற்பார். இந்த மான்கொம்புப் பிடி மட்டும் ஏலத்துக்கு வரவில்லை. கிள்ளானில் தோட்டத்துத் துரைக்குச் சமைத்த அய்யாவுவிடம் இருந்தது. பழைய சோற்றைக்கூட அதில்தான் தின்பான் மனுஷன்.

அய்யாவு செத்தான். நேற்று, பதினாறாம் நாள் படையலில், சோற்றுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள் அவன் பெண்சாதி வீரம்மா.

"எனக்குக் குடுத்துடும்மா," என்றார் சபாபதி.

"அவரு சாப்ட்டு முடிக்கட்டும் கிராணி ஐயா. அது இல்லாம அவருக்குச் சோறு எறங்காது."

எல்லோரும் காக்கையைக் கூப்பிடக் கொல்லைப்பக்கம் போனார்கள். இவர் கை நீண்டது. காக்கை கடைசிவரை சோற்றைத் தொடவில்லை. பந்தியில் இலைக்கடியில் ஒளித்திருந்ததை, சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கம் மடித்து, அந்த மறைவில் மடியில் செருகிக்கொண்டார்.

பரிமாறிய வீரம்மா பதறிப்போனாள். "ஐயையோ! எழவு வீட்டுல இலைய ஒங்க பக்கம் மடிச்சிட்டீங்களே! போனவர மறுபடி வான்னு கூப்புட்ட மாதிரியில்ல ஆயிடும்?"

"வந்தா வரட்டும்மா." என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது, பாவி மனுஷனுக்கு!

இன்று ஞாயிறு. நண்பகல். மனைவி புஷ்பவல்லி இலை போட்டாள். வெளியே இஞ்சின் பெருமூச்சு விட்டது, ஜன்னல் வழியே கரிப்புகை வந்தது. அதற்கடியில் வேறொரு வாடை, துரை பங்களாச் சமையல் குசினியின் கொழுப்பு வாடை, மெல்ல மெல்ல அவரருகே வந்து உட்கார்ந்தது. பெட்டிக்குள் 'டக்' என்றது. திருப்பிக் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் பதினொன்று ஆகிவிடுமே.

சோற்றில் கை வைத்தார். கையில் முள்கரண்டி.

எப்போது எடுத்தார்?

சோறு தீர்ந்தது. மறுசோறும் தீர்ந்தது. பசி அடங்கவில்லை. அது அவர் பசியே இல்லை.

"இன்னிக்கு என்ன இப்படி? உலை வச்சிருக்கேன், கொஞ்சம் பொறுங்க," என்று புஷ்பவல்லி அடுப்படிக்குப் போனாள்.

அவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல விழித்தார்.

டக். கத்தி விரிந்தது.

இடது கை தானாக எழுந்தது. இலைமேல் படுத்தது. மணிக்கட்டில் கத்தி. அவசரமில்லாத, பழகிய, சமையல்காரனின் வெட்டு.

வலித்தது. கத்தினார். சத்தம் வரவில்லை.

"சோறு வெந்துடுச்சு. கொண்டாரவா?"

முள்கரண்டி இலைக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது. வாய் நிறைய இருந்தது.

வலது கை சாமானைத் துடைத்து மடக்கியது. பிறகு இலையை மடித்தது, அவர் பக்கமாக.