மாடியில் பிரிண்டர் ஓடுகிறது

லேப்டாப் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோய், பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை என்று மறுபடியும் கையை விரித்தபோது, அவளுடைய தலைக்கு நேர் மேலே, மாடி அறையில், பிரிண்டர் ஒரு தாளை இழுத்தது.

பழகிய சத்தம்தான் அது. முதலில் தொண்டையைச் செருமுவது போல ஒரு கரகரப்பு, பிறகு உருளைகள் முனகிக்கொண்டு சுழல்வது, கடைசியில் தாள் தட்டில் வந்து விழும் மெல்லிய சரசரப்பு. அப்பாடா, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் திரையைப் பார்த்தால் அது பாட்டுக்கு இல்லை என்றே சாதித்துக்கொண்டிருந்தது. அவள் இன்னும் எதையும் அனுப்பவே இல்லை. மேலே இன்னொரு தாள் இழுபட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, இன்றைக்கு நீச்சல் வகுப்பு வேண்டாமே என்று அவள் சொல்லியும் கேட்காமல், கணவர் பாப்பாவை அழைத்துக்கொண்டு அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார். வாசல் கதவைப் பூட்டும் சத்தம் அவள் காதில் விழுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வந்ததிலிருந்து அவளுடைய கட்டில், துணிமணி, மருந்து எல்லாம் கீழ் அறையில்தான். மாடிப்படி ஏறவே கூடாது, தையல் பிரிந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதாகக் கணவர் சொன்னார். காயம் ஆறும்வரை குழந்தையை அண்ட விடக்கூடாது, கிருமி தொற்றும் என்றும் அவரே சொன்னார். பாப்பா படிக்கட்டின் திருப்பத்தில் நின்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். வந்த புதிதில் அதன் பிறகும் இவள் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அம்மாவிடம் வரவேண்டும் என்று குழந்தை ஒரு நாள்கூட அடம்பிடிக்கவில்லை. பக்குவம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் தொழில். திரையில் படித்தால் பிழைகள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விடும். தாளில் அச்சடித்துப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தால்தான் அகப்படும். அதுவும் தனியாக உட்கார்ந்தால் போதாது. மூலப் பிரதியைக் கணவர் வாய்விட்டுப் படிப்பார், காற்புள்ளி, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி என்று ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே. அவள் தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டு வருவாள். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு அதுவே அவர்கள் குடித்தனத்தின் பேச்சாகிவிட்டது. நடுவில் தொட்டிலில் குழந்தை சிணுங்கினால், பாப்பா முழித்துவிட்டாள், முற்றுப்புள்ளி என்று அதையும் அதே குரலில் படிப்பார். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள்கூட எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தாதவளுக்கு அப்படி ஒரு பட்டம்.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவர் அவளை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. நோயாளியிடம் என்ன விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

அதனால்தான் அவள் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். மறுநாள் காலையில் ஒப்படைத்தாக வேண்டிய ஒரு நாவல். இதை முடித்துக் கொடுத்துவிட்டால் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துவிடலாம், படுக்கையில் கிடக்கும் மூட்டை என்ற நிலை மாறி மறுபடியும் இந்த வீட்டுக்காரியாக, பாப்பாவின் அம்மாவாக, அவருடைய டீச்சராக ஆகிவிடலாம் என்ற ஆசை. பதிப்பகத்து ஆசிரியரிடம் கேட்டபோது மனிதர் சிரித்தார், போன வாரம்தானே ஒன்றை முடித்துக் கொடுத்தீர்கள், உடம்பையும் கொஞ்சம் பாருங்கள் என்றார். ஆயிரம் பேரை வைத்து மாரடிப்பவர், யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். ஓர் அலுவலகம் முழுக்க இருக்கும் கணினிகளைக் கட்டி மேய்ப்பவன் அவன். பிரிண்டர் தானாக ஓடுகிறது என்றதும், யாராவது முன்னாலேயே அனுப்பியது இப்போது வருகிறதாக இருக்கும் என்றான். லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னான், பழைய பிரிண்டர் பெயரை நீக்கிவிட்டு மறுபடி தேடச் சொன்னான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தாள். வட்டம் சுற்றியது. ஒன்றுமில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, ஈர மண்ணின் வாசனை ஜன்னல் வழியாக வந்தது, அதோடு கலந்து சூடான மையின் வாசனையும் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது.

எந்த வைஃபையில் இருக்கிறாய் என்று பெயரைப் படிக்கச் சொன்னான் தம்பி. படித்தாள். அவன் சத்தமாகச் சிரித்துவிட்டான்.

"அக்கா, உன்னை கெஸ்ட் வைஃபைல போட்டு வச்சிருக்காங்க. வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்களுக்குக் குடுக்கறது அது. அதுல இருந்தா இன்டர்நெட் வரும், ஆனா வீட்ல இருக்கற எதுவும் உன் கண்ணுக்குத் தெரியாது."

அவளுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. லேப்டாப்பை அவள் தொட்டே பல வாரங்கள் ஆகியிருந்தன. கணவர்தான் சார்ஜ் போட்டு, எல்லாம் சரிபார்த்து, தலையணைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். கைதவறிச் செய்திருக்கலாம். ஆனால் அவர் எதையும் கைதவறிச் செய்கிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டு வைஃபைக்கு மாறினாள். பழைய கடவுச்சொல்லே வேலை செய்தது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் திரையில் ஒரு பெட்டி எழும்பியது. இதே பெயரில் இன்னொரு கணினி ஏற்கெனவே இந்த இணைப்பில் உள்ளது என்றது அது.

தம்பியிடம் படித்துக் காட்டினாள். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது.

"அது ஒண்ணும் இல்லக்கா. உன் புது லேப்டாப்புக்கும் இதே பேரை வச்சிருப்ப. நேத்து உன் புது நம்பர்லேருந்து வீடியோல காட்டினியே, மாடில உக்காந்துட்டு, அதுதான்."

நேற்று அவள் தம்பியோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். நீயும் ஒரு தடவை விசாரிக்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளக்கூட நினைத்திருந்தாள்.

"நான் மாடிக்கே போறதில்லடா," என்றாள். "வந்ததுலேருந்து கீழதான் படுத்திருக்கேன்."

சின்ன வயதிலிருந்து அவளை நீ, வா, போ என்று மட்டுமே பேசியிருக்கும் தம்பி, கடைக்கு வந்த ஆளிடம் பேசுகிற குரலில் கேட்டான்.

"நீங்க யாருங்க? அக்காவோட பழைய போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டாள். வேறொரு அழைப்பில் இருப்பதாக வந்தது.

அதே நேரத்தில் மாடியில் ஒரு போன் அடித்தது.

காலடிகள். நிதானமாக, அவள் தலைக்கு மேலே, ஜன்னல் ஓரத்திலிருந்து மேசைக்கு. போன் அடிப்பது நின்றது.

"சொல்றா தம்பி," என்றது அவளுடைய குரல்.

அவளுடைய குரலேதான். தம்பியிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கும் அந்த இழுப்புகூட அப்படியே இருந்தது. கைகள் லேப்டாப்பின் மேலேயே ஒட்டிக்கொண்டன. கணவரைக் கூப்பிட வேண்டும், உடனே வரச்சொல்ல வேண்டும், பாப்பாவை உள்ளே விடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நனைந்துகொண்டு நின்றது. கைப்பிடியில் பாப்பாவின் நீச்சல் பை தொங்கியது.

அவர்கள் போகவே இல்லை.

பின்பக்கத்தில் மாடிக்கு ஒரு படி உண்டு. முன்கதவைப் பூட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு அந்த வழியாக ஏறியிருக்கிறார்கள். இன்றைக்கு மட்டும்தானா? வகுப்பு, கடை, அலுவலகம் என்று சொல்லிக்கொண்டு அவர் பூட்டிய ஒவ்வொரு பூட்டும் அவளுக்கு ஞாபகம் வந்தது. மேலே கேட்கும் சத்தம் எலி என்றார். மரச்சாமான் வெயிலுக்கு விரிகிறது என்றார். நோயாளிக்கு அப்படித்தான் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும் என்று நெற்றியைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையை அவள் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாளே.

மாடியில் நாற்காலி இழுபட்டது. பிரிண்டர் நின்றுவிட்டது. யாரோ தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார்கள்.

பிறகு கணவர் படிக்க ஆரம்பித்தார்.

"அவன் வாசலில் நின்றான் முற்றுப்புள்ளி. உள்ளே போகலாமா காற்புள்ளி வேண்டாமா என்று யோசித்தான் முற்றுப்புள்ளி." அவள் லேப்டாப்பில் இருந்த அதே நாவல். அதே முதல் பக்கம். வார்த்தைகளுக்கு நடுவே அவர் நிறுத்தினார், சிரித்தார். "என்ன டீச்சர், அதுக்குள்ள ஒண்ணு பிடிச்சிட்டியா?"

பயம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பேயோ பிசாசோ என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் சொல்லை அவர் எப்படி அதனிடம் கொடுக்கலாம்?

படி ஏறினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு மூச்சு. தையல் சுருக்கென்று இழுத்தது. பொருட்படுத்தவில்லை. திருப்பம் வந்தது. பாப்பா நின்று கையாட்டும் இடம். மை வாசனை. பாப்பாவின் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை. கதவின் கீழே மஞ்சள் வெளிச்சம், அதில் ஒரு நிழல், மேசைக்கு அடியில் கால் மேல் கால் போட்டு ஆட்டிக்கொண்டு. அவளும் அப்படித்தான் ஆட்டுவாள்.

கதவைத் தட்டினாள். தன் வீட்டுக் கதவை.

படிக்கும் குரல் நின்றது.

திறந்தது பாப்பா. கொஞ்சம் வளர்ந்திருந்தாள். தலையை அழகாகப் பின்னிவிட்டிருந்தார்கள், அவள் பின்னுவது போலவே வகிடு எடுத்து. இவள் கையை நீட்டினாள். நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்து வளர்த்த குழந்தை, நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தபடியே உள்ளே திரும்பியது.

"அம்மா, கீழ்வீட்டு ஆன்ட்டி மேல வந்துட்டாங்க."

அறைக்குள் கணவர் எழுந்து நின்றார். கையில் மூலப் பிரதி. அவர் திடுக்கிட்டிருந்தால் போதும், ஏமாந்துபோனவர் என்று அவள் மன்னித்திருப்பாள். அவர் முகத்தில் அது இல்லை. ஒரு காரியத்தை நாளை நாளை என்று தள்ளிப்போட்டவன், அந்த நாள் இன்றே வந்துவிட்டதைப் பார்க்கிற முகம்.

"நீ பொழைக்க மாட்டேன்னுட்டாங்க," என்றார். "பாப்பா விடிய விடிய அழுதா. அது வாசல்ல வந்து நின்னப்போ, அச்சு அசலா நீ. உள்ள வான்னு நான்தான் சொன்னேன்."

"நான் பொழைச்சு வந்துட்டேனே," என்றாள் அவள்.

அவர் மேசைப் பக்கம் பார்த்தார், அனுமதி கேட்பவர் போல.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது வந்தது. முகம் இருட்டில் இருந்தது. உடம்பில் அவளுடைய புடவை. அது குனிந்து, அவள் கையைப் பிடித்திருந்த பாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது. அவசரமில்லாமல். அதன் நடுவிரலின் ஓரத்தில், பென்சிலை அழுத்திப் பிடித்து வருகிற காய்ப்பு. அவளுக்கு இருக்கும் அதே இடத்தில்.

பாப்பா அவளை விட்டாள். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலியான அவள் கையை, நிலைப்படியைத் தாண்டி வந்து அது பிடித்துக்கொண்டது. இதமாகத்தான். பிறகு இறுக்கமாக. பிறகு இன்னும் இறுக்கமாக. கைக்குள் ஏதோ ஓர் எலும்பு முறிந்தது.

அவள் கணவரைக் கூப்பிட்டாள். பேர் சொல்லியே கூப்பிட்டாள், கல்யாணத்துக்கு முன்பு கூப்பிட்டது போல.

அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். குழந்தையின் கண்களைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். பிறகு, அவளையும் அதையும் வெளியே படிக்கட்டில் விட்டுவிட்டு, கதவை மெல்லச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.