மாற்றி மாட்டிப் பார்த்த நாள்

மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த அறை என்றுதான் சுப்புராஜ் சொன்னார். ஆனால் கண்ணுசாமி போய் உட்கார்ந்த நாற்காலி சூடாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை; ஜன்னல்கள் சாத்தியிருந்தன, வெளியே ஐப்பசி மாத மூட்டம். பஸ்ஸில் ஒருவர் எழுந்த இடத்தில் உடனே உட்கார்ந்தால் தொடையில் தெரியுமே, அந்தச் சூடு. அவன் இரண்டு தரம் எழுந்து பார்த்துவிட்டு, நமக்கு வந்த வேலை நாற்காலி இல்லை என்று திரும்ப உட்கார்ந்துகொண்டான்.

திண்டுக்கல் மெயின் ரோட்டில் ஒரு பூட்டுக் கடைக்கு மேலே இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். போன வருஷம் வரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். எண்பத்தெட்டு பிறந்ததும் சுப்புராஜ் மதுரையில் ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட இரண்டு மெஷின்களை வாங்கி வந்து போர்டை மாற்றி எழுதிவிட்டார். அதில் ஒன்று மூன்று நாளாகக் கிளம்பவில்லை. டி.வி. ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுசாமி மதுரையில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தவன். இந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஊரில் அவனோடு சேர்த்து நாலைந்து பேர் இருந்தால் அதிகம்.

"உள்ள வாங்க சார், என்ன செஞ்சதுன்னு சொல்லுங்க."

"இருக்கட்டும் தம்பி. நீங்க பாருங்க" என்றார் சுப்புராஜ். வாசற்படியைத் தாண்டி அவர் கால் வைக்கவே இல்லை.

பின்பக்கத்துச் சிவப்பு சுவிட்சைத் தட்டினான். ஃபேன் சுற்றவில்லை, பீப் வரவில்லை. பிளக்கில் டெஸ்டரை வைத்தால் எரிந்தது. கரண்ட் வருகிறது, உள்ளே போகிறது, போய் எங்கேயோ காணாமல் போகிறது. மூடியைக் கழற்றினான். தூசியும், சூடு கண்ட பிளாஸ்டிக் வாடையும், அவற்றுக்கு அடியில் வாடிய சம்பங்கியைப் போல ஏதோ ஒன்றும் மூக்கில் ஏறின. மதுரை வாத்தியார் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு: எதன் மேல் சந்தேகமோ அதைக் கழற்றி, ஓடுகிற மெஷினில் மாட்டு. கோளாறும் கூடவே போனால் அதுதான் கோளாறு. முதலில் பவர் சப்ளையைக் கழற்றிப் பக்கத்து மெஷினில் மாட்டினான். அது சமர்த்தாக ஓடியது.

மத்தியானம் சாப்பிட நாகல் நகர் வீட்டுக்குப் போனான். சாப்பாடு ஒரு சாக்குத்தான். ஏழு வருஷம் காத்திருந்து பிறந்த பெண், இருபத்திரண்டு நாள் பிள்ளை. இரண்டு மணி நேரம் பார்க்காவிட்டால் அவனுக்குக் கை நமநமக்கும். வாசலில் அவனுடைய அக்கா ஒச்சாயி சொம்புத் தண்ணீரோடு மறித்தாள். பேறுகாலம் பார்க்க வந்தவள், போலீஸ்காரியாக மாறிவிட்டாள்.

"எங்க போயிட்டு வாரே? கேத வீட்டுப் பக்கம் எதும் போகலையே?"

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிட்டு வாரேன்க்கா."

"அப்பன்னா கை காலக் கழுவிட்டுப் போ. சாவு நடந்த எடம்னா தலை முழுகாம பச்சப் புள்ளயத் தொடக் கூடாது, பாத்துக்க."

கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீரை ஊற்றினாள். அவன் கழுவிக்கொண்டு உள்ளே ஓடி, பிள்ளையை அள்ளி நெஞ்சோடு வைத்து உச்சியை முகர்ந்தான். பிள்ளை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மனைவி சுகன்யா சிரித்துக்கொண்டே அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் அவன் அத்தனை சந்தோஷமாக இருந்தான்.

திரும்பி வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தான். இப்போது அது சில்லென்று இருந்தது.

மெமரி சிப்புகள், டிஸ்ப்ளே கார்டு, பிளாப்பி டிரைவ், கடைசியில் போர்டு. ஒவ்வொன்றாகக் கழற்றினான், ஒவ்வொன்றாகப் பக்கத்து மெஷினில் மாட்டினான். எல்லாமே ஓடின. மூன்று மணி சுமாருக்குக் கோளாறுக்காரப் பெட்டி வெறும் தகரக் கூடாக மேஜையில் கிடக்க, அதன் குடலெல்லாம் பக்கத்துப் பெட்டிக்குள் பழுதே இல்லாமல் பச்சை எழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுகூடக் கெட்டுப் போகவில்லை என்றால், மூன்று நாளாக இது ஏன் கிளம்பவில்லை?

கால் மணி நேரம் கழித்துப் பச்சை எழுத்துகள் மங்கின. திரை சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது. சுவிட்சைத் தட்டினான். ஃபேன் இல்லை, பீப் இல்லை.

வேர்த்தது. மேஜை ஃபேனைப் போட்டான். ஐந்து நிமிஷம் சுற்றி நின்றது. டெஸ்டரை எடுத்துப் பிளக்கில் வைத்தான். எரிந்தது. கண்ணெதிரே மெல்ல அணைந்தது. மேலே டியூப் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை அவன் தொடவில்லை.

மணி பார்த்தான். கைக்கடிகாரம் பன்னிரண்டு நாற்பதில் நின்றிருந்தது.

கோளாறு நகர்ந்திருக்கிறது. ஆனால் எதைக் கழற்றி எதில் மாட்டியபோது நகர்ந்தது? காலையில் சூடாக இருந்த நாற்காலி. மத்தியானம் சில்லிட்ட நாற்காலி. இடையில் அங்கே உட்கார்ந்து எழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சார்..." கதவு வரை போனான். "இங்க என்ன நடந்துச்சு?"

சுப்புராஜ் மாடிப்படியில் இரண்டு படி கீழே இறங்கி நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நம்ம ஈஸ்வர் தம்பி... பாடம் எடுக்குற வாத்தியார். ஞாயித்துக்கெழம அந்தச் சேர்லதான். இருபத்தி நாலு வயசு, ஒரு நோய்நொடி கெடையாது. பிள்ளைகள்லாம் அவன் ஸ்க்ரீனப் பாக்குறான்னே நெனச்சிருக்குதுக. முக்கா மணி நேரம். கண்ணு தொறந்தேதான் இருந்துச்சு. அவனத் தூக்குறப்ப மெஷினும் நின்னுபோச்சு."

"காலைலயே சொல்லியிருக்கலாம்ல சார்!"

"சொன்னா எவன் வாரான் தம்பி? ரெண்டு பேருகிட்டச் சொன்னேன். ரெண்டு பேருமே வரல."

கண்ணுசாமி ஒரு படி இறங்கினான். சுப்புராஜ் மூன்று படி இறங்கினார். "கிட்ட வராதீங்க தம்பி. போயித் தலை முழுகிருங்க."

அதற்குமேல் அவன் நிற்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பேகம்பூர் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை ஈரத்தில் கனத்துத் தெருவெல்லாம் படுத்திருந்தது. மொபெட் ஒரு தெரு ஓடியது. நின்றது. மிதித்துப் பார்த்தான், உதைத்துப் பார்த்தான். அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

மெஷினுக்குக் கால் மணி. ஃபேனுக்கு ஐந்து நிமிஷம். மொபெட்டுக்கு ஒரு தெரு. வரவரக் குறைகிறது. மத்தியானம் எவ்வளவு இருந்தது? மத்தியானம் தொட்டது எதை?

கடவுளே. கடவுளே. கடவுளே.

ஒச்சாயி வாசலிலேயே நின்றாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாத. ஏலே, ஏன் இம்புட்டு நனைஞ்சு வாரே?"

"புள்ள எங்கக்கா?"

"தூங்குது. நீ போனதுல இருந்து ஆத்தாளும் மகளும் அசந்து தூங்குறாளுக. பொறந்ததுல இருந்து புள்ள இப்புடித் தூங்குனதே இல்ல. பாலுக்குக்கூட அழுகல. பாவம், தூங்கட்டும்னு நானும் எழுப்பல."

அவளை உரசாமல் சுவரோரமாக உள்ளே போனான்.

சுகன்யா சுவரில் சாய்ந்திருந்தாள். பிள்ளை மடியில். தட்டிக்கொடுக்க உயர்த்திய கை, பிள்ளையின் முதுகுக்கு ஒரு சாண் மேலே. கீழே இறங்கவில்லை. இரண்டு பேர் கண்ணும் திறந்திருந்தன.

அவள் முகத்தில் மத்தியானத்துச் சிரிப்பு அப்படியே இருந்தது. பிள்ளையின் கை, விரலைப் பிடித்த மாதிரியே மூடியிருந்தது. உள்ளே விரல் இல்லை.

அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அவன் குரலாக இல்லை.

"என்னடா?" ஒச்சாயி கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு வந்தாள். "தலையெல்லாம் ஈரம். வா இங்க."

"தொடாதக்கா!"

"தொடாம?" சிரித்தாள். "நான் குளிப்பாட்டி வளத்த பய நீயி."

பின்வாங்கினான். முதுகில் சுவர் இடித்தது.

"அக்கா, வேணாம். அக்கா..."

துண்டு தலையில் விழுந்தது. அழுத்தித் துவட்டினாள். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவது தரம் பாதி வரை.

மழை பெய்துகொண்டே இருந்தது. சுகன்யாவும் ஒச்சாயியும் சிரித்தபடியே இருந்தார்கள். அவன் தலைமேல் இருந்த கை மட்டும் கனத்துக்கொண்டே போனது.