எறும்புக்கு ஒரு கேமரா

அவளை வீட்டில் எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் தரையில் குப்புறப் படுத்துப் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மாடியில் இருந்த எலுமிச்சைத் தொட்டியில் ஒரு கூட்டுப்புழு தொங்கியது. அது வண்ணத்துப்பூச்சியாகி வெளியே வருவதைக் கிட்டத்தில் படம் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் கேமரா கேட்டாள். தையல் வேலை செய்யும் அம்மாவும் சரி என்றாள்.

பழைய கேமராக் கடைக்கு மாமாவும் வந்தார். மாமாவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அப்படி மாமாவே சொல்லியிருக்கிறார்.

கண்ணாடிப் பெட்டியில், கிட்டத்தில் படம் எடுப்பதற்கான பூப் படம் போட்ட பொத்தானுடன் ஒரு சின்னக் கேமரா இருந்தது. விலையும் குறைவு. எறும்பு அதை வெளியே எடுக்கச் சொல்லி, அதன் முன்னால் தன் விரல் நுனியை நீட்டிப் பார்த்தாள். திரையில் ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"இது போதும்மா," என்றாள்.

"சோப்பு டப்பா மாதிரி இருக்கு, இதெல்லாம் ஒரு கேமராவா?" என்று மாமா ஒரு பெரிய கேமராவைத் தூக்கினார். "இதுல நிலாவுல இருக்கிற பள்ளம்கூடத் தெரியும்."

"எனக்கு நிலா வேணாம் மாமா. இந்தப் பெருசு கிட்டத்துல கலங்கலா காட்டுது. விரலை வச்சுப் பாருங்க."

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நீ சும்மா இரு."

எறும்பு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழகாதவள். பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். பெரிய கேமராதான் வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலையில் கூடு வெடித்தது. எறும்பு கிட்டே போனாள், படம் கலங்கியது. தள்ளிப் போனாள், பூச்சி கடுகளவு ஆனது. அவள் முன்னும் பின்னுமாக அல்லாடிக்கொண்டிருக்கும்போதே வண்ணத்துப்பூச்சி சிறகை உலர்த்திக்கொண்டு பறந்துவிட்டது. ஒரு படம்கூடத் தேறவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, மாமா மேல் பாதி, அம்மா மேல் பாதி.

சாயங்காலம் மாமா வந்தார். "எங்கே, படத்தைக் காட்டு."

நல்லா வந்திருக்குன்னு சொல்லேன் என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"படம் விழல மாமா," என்றாள் எறும்பு. "இது தூரத்துக்குத்தான் சரி. கடையிலேயே சொன்னேன்."

"சொன்னா போதுமா? அழுத்திச் சொல்லியிருக்கணும்," என்றார் மாமா.

எறும்பு கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அம்மா ஊசி கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அதைக் கேமராவின் முன்னால் பிடித்து, மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஓரிடத்தில் கலங்கல் தெளிந்தது. தொட்டியில் மிச்சம் இருந்தது வெறும் கூடுதான். அதையே எடுத்தாள். கிழிந்த ஓரம், உள்ளே காய்ந்திருந்த கறை, எல்லாம் விழுந்தது.

அவள் கீழே வந்ததும் மாமா படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா? நான் பார்த்து வாங்கின கேமரா சோடை போகுமா?"

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"அவ பூதக்கண்ணாடி வச்சு எடுத்திருக்கா அண்ணா. நாளைக்கு இதைக் கடையிலேயே குடுத்துட்டு அந்தச் சின்னதை மாத்திட்டு வர்றோம்," என்றாள் அம்மா. "நானும் அவளும் மட்டும் போய்க்கிறோம்."

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எறும்புக்கு அப்போதுதான் பசித்தது.