வேகாத குவியல்

புதைத்த பனியன் முழுசாகத் திரும்பி வந்தது. அதையாவது மன்னிக்கலாம். சூடாக வந்தது.

மண்ணுக்குச் செய்கிற எளிய சோதனை இது. கலப்பில்லாத பருத்திப் பனியன் ஒன்றை வயலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு, இரண்டு மாதம் மறந்துவிட வேண்டும். மண்ணில் உயிர் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி வாய்கள் கூடிப் பருத்தியைத் தின்று தீர்த்து, தையல் நூலை மட்டும் மரியாதைக்கு மிச்சம் வைத்திருக்கும். பனியன் அப்படியே வந்தால் மண் செத்துவிட்டது என்று பொருள். அக்கா வயலில் புதைத்தது அப்படியேதான் வந்தது. ஆனால் அக்குளில் ஈரம். கழுத்தோரம் லேசான மஞ்சள். முகர்ந்தால், யாரோ நாள் முழுக்க வெயிலில் உழைத்துவிட்டு இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி வேர்வை வாடை.

"புதுப் பனியன்தானே புதைச்சோம்?" என்றான் காய்ச்சல்.

"பின்னே? ஊரெல்லாம் விதை விதைக்குது, என் தம்பி உள்ளாடை விதைக்கிறான். அதுல பழசு வேற விதைப்பாங்களா?" என்றாள் அக்கா.

காய்ச்சல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நகரத்துக் கழிவுநீர் நிலையத்தில், தொட்டியின் அடியில் தங்குகிற கசடை மரத்தூளோடு கலந்து குவித்து உரமாக்கும் இடத்துக்கு அவன் மேற்பார்வையாளன். ஆள் உயர வெப்பமானிக் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு போய், ஒவ்வொரு குவியலின் வயிற்றிலும் குத்தி, சூடு எவ்வளவு என்று பார்ப்பது வேலை. அதனால் அந்தப் பெயர். அவன் விடுப்பு எடுத்தால், "காய்ச்சலுக்குக் காய்ச்சல்" என்று சொல்லி ஒரு வாரம் சிரிப்பார்கள்.

குவியல் உள்ளுக்குள் கொதிக்க வேண்டும். ஊரார் உடம்பிலிருந்து வந்ததெல்லாம், கிருமியும் புழுமுட்டையும் உதிர்ந்த முடியும், அந்தக் கொதிப்பில் வெந்து, தான் யாருடையது என்பதையே மறந்து மண்ணாக வேண்டும். மறந்து ஆறிய குவியலில் அடையாளத்துக்குப் பச்சைத் துணிக்கொடி நடுவார்கள். கொடி உள்ளதுதான் வயலுக்குப் போகும்.

இந்த வருஷம் மழை விடவில்லை. ஓரத்துக் குவியல் நனைந்து, சூடே ஏறாமல் சொதசொதவென்று கிடந்தது. அக்காவோ போனுக்கு மேல் போன். "டேய், விதைப்பு தள்ளிப் போகுதுடா. ஊருக்கெல்லாம் உரம் குடுக்கிறே, கூடப் பிறந்தவளுக்குக் கிடையாதா?" ஆறிய குவியலை அன்று காலையில்தான் வேறொருவர் அள்ளிப் போயிருந்தார். அது இருந்த இடத்தில் கொடி மட்டும் சாய்ந்து கிடந்தது. காய்ச்சல் அதை எடுத்துத் துடைத்தான். அக்கம்பக்கம் பார்த்தான். வேகாத குவியலில் நட்டான். அரை நொடி வேலை. லாரிக்காரர் கொடியைத்தான் பார்ப்பார், குவியலைப் பார்க்க மாட்டார்.

மண் செத்துவிட்டதென்றால் கொன்றவன் அவன்தான். ஆனால் பயிர் சாகவில்லையே, அதுதான் அவனுக்குப் புரியவில்லை. முள்ளங்கி குழந்தையின் முன்கை மாதிரி திரண்டு வந்தது. அக்கா வாராவாரம் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்புவாள். அவனும் சளைக்காமல், "பிரமாதம் அக்கா, தேனா இனிக்குது" என்று போனில் சொல்லிவிட்டு, பையைக் கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்ப்பான். ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. அக்காவும் அத்தானும் மூன்று வேளையும் தின்றார்கள். அவளிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் வாரக்கணக்கில் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. சோற்றைத் திரட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை.

பனியன் வந்த அன்று அந்த வயல் மண்ணைக் கண்ணாடிச் சாடி ஒன்றில் அள்ளிவந்து, வாயில் பாலிதீன் தாளை இழுத்துக் கட்டி, சமையலறை மேடையில் வைத்தான். உயிருள்ள மண் மூச்சு விடும். தாள் மெல்ல உப்பும். உப்பாவிட்டால் செத்தது உறுதி. பொழுது சாய்கிற நேரம். குழாயில் சொட்டுகிற தண்ணீரும், குளிர்பெட்டியின் உறுமலும், பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தமும், தன் சட்டையிலிருந்து என்ன சோப்பு போட்டாலும் போகாத கசடு வாடையுமாக அவன் அந்தச் சாடிக்கு முன்னால் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாள் உப்பியது.

அப்பாடா என்றிருந்தது. உயிர் இருக்கிறது. கொல்லவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

பிறகு தாள் குழிந்தது.

உப்பியது. குழிந்தது. தூங்குகிறவர் மார்பு மாதிரி, ஒரே சீராக.

மண் மூச்சு விடும். இழுக்காது. எந்த மண்ணும் இழுத்து அவன் பார்த்ததில்லை. காதைச் சாடியோரம் கொண்டுபோனான். உள்ளே, ஈரமாக, ஒரு சிறு சத்தம். பேச வாயெடுக்கிறவர் நாக்கை அண்ணத்திலிருந்து பிரிக்கிற சத்தம்.

மறுநாள் மதியம், எப்படியும் சொல்லிவிடுவது என்று வயலுக்குப் போனான். வெயில் இல்லை. காற்றும் இல்லை. செருப்பைத் தாண்டி நிலத்தின் இளஞ்சூடு உள்ளங்காலில் ஏறியது. அத்தான் பாத்தி நடுவே கணுக்கால் வரை மண்ணில் புதைய நின்று, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டாச்சா அத்தான்?"

"பசியே இல்லை மச்சான். தண்ணி மட்டும் போதும்னு இருக்கு."

அவருடைய காதுக்குள் இரண்டு பச்சை இலைகள்.

"காதுல என்ன?"

"காத்துல வந்து விழுந்திருக்கும். பிடுங்கினா வலிக்குது. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் வந்தபோது மழை பெய்து ஓய்ந்த தோட்டத்து வாசனை வந்தது. காய்ச்சல் வாயைத் திறந்தான். முள் நகரவில்லை. சொல்வதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு சோதனை செய்துவிடலாம் என்று தோன்றியது. தள்ளிப்போட நினைக்கிறவனுக்குச் சோதனைக்கா பஞ்சம்?

கடுகைப் பொடித்துக் கரைத்த தண்ணீரை மண்ணில் ஒரு முழச் சதுரத்தில் ஊற்றினால், எரிச்சல் தாங்காமல் மண்புழுக்கள் மேலே வரும். எண்ணிக்கொள்ளலாம். ஊற்றினான். குந்தி உட்கார்ந்து காத்திருந்தான்.

ஒரு புழுவும் வரவில்லை.

சதுரம் சிவந்தது. ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கியது. ஒரு தடவை விதிர்த்து அடங்கியது.

"ஏன்டா அதுக்கு எரிய வைக்கிறே?" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

அவள் மண்டியிட்டு, சூடு பட்ட பிள்ளையின் கைக்கு ஊதுவது போல, அந்தச் சதுரத்துக்கு ஊதினாள். தடவிக் கொடுத்தாள். அந்தக் கையின் மணிக்கட்டில், தோல் மெல்ல விலகி, ஏதோ ஒன்று இளஞ்சிவப்பாகத் தலை நீட்டியது. காற்றைத் துழாவியது. பின்னால் இன்னொன்று.

"அக்கா. உன் கையில..."

"எங்கே? ஓ, இதுவா." கலைந்த முடியைக் காதோரம் செருகுவது போல, அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

முள் இறங்கியது. அவ்வளவு காலம் இறங்காதது, ஒரேயடியாக.

"அக்கா, அந்தக் குவியல் வேகலை. தெரிஞ்சேதான் அனுப்பினேன். கொடியை நான்தான் நட்டேன். நீ கொடுத்தனுப்பின முள்ளங்கியில ஒண்ணைக்கூட நான் திங்கலை. நீங்க தின்னீங்க. பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவள் அவனையே பார்த்தாள். கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். குளிர்ந்த கை. கண்ணீர் பட்டது. இறுக்கிப் பிடித்தான்.

கை அவன் கையோடு வந்தது.

உள்ளங்கை நிறையக் கறுப்பாக. ஈரமாக. பொலபொலவென்று. விரலிடுக்கில் வழிந்தது. தொழில் பழக்கம், கட்டைவிரல் தானாகவே அதை நசுக்கிப் பார்த்தது. இவ்வளவு நல்ல மண்ணை அவன் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை.

அக்கா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஓரங்களில் கொஞ்சம் உதிர்ந்தது.

குரல் கீழேயிருந்து வந்தது. அவன் கால் இரண்டுக்கும் நடுவிலிருந்து, பாத்தி பாத்தியாக, வயல் முழுவதிலிருந்தும், அக்காவின் குரல், சூடாக.

"விடுடா. அழாதே. இங்கே நல்லாத்தான் இருக்கு."

அப்புறம் வரப்பிலிருந்து வரப்பு வரை, நிலம் முழுசும், பெருமூச்சு இழுக்கிற மார்பைப் போல மேலே ஏறியது. அவனைத் தூக்கிக்கொண்டே ஏறியது. ஏறி, இறங்காமல் நின்றது.