என் கப்பில் பூத்த பூஞ்சை

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு மூட்டைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

ஒன்று அப்பாவுடையது. அப்பா கோழிப்பண்ணையில் வேன் ஓட்டுகிறார். அன்று காலையில் அள்ளிய கோழி எருவைச் சுடச்சுடக் கொண்டுவந்திருந்தார். மூட்டை இறங்கியதும் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன.

இன்னொன்று சித்தப்பாவுடையது. அவருக்கு பேக்கரியில் வேலை. மூட்டைக்குள் இருந்தது பேக்கரி விறகு அடுப்பின் சாம்பல்.

"தக்காளிக்கு எருதான்டா உயிரு" என்றார் அப்பா.

"சாம்பல் போட்டுப் பாருண்ணா. காய் ஒவ்வொண்ணும் பந்து மாதிரி வரும்" என்றார் சித்தப்பா.

"ஆமா, போன தடவை வந்துச்சே பந்து!"

போன தடவை நடந்தது இதுதான். சித்தப்பாவுக்குத் தெரியாமல் அப்பா எருவைக் கொட்டினார். அப்பாவுக்குத் தெரியாமல் சித்தப்பா சாம்பலைக் கொட்டினார். செடிகளுக்கு மட்டும் இரண்டும் தெரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் கருகிப் போயின.

சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றார்.

"இந்தத் தடவையும் செடி செத்துதுன்னா, அங்க கம்பி நட்டுத் துணி காயப்போடுவேன். கம்பிகூட ரெடியா இருக்கு."

எனக்குப் பகீரென்றது. தட்டில் இருந்த தக்காளி நாற்றுகள் நான் விதை போட்டு வளர்த்தவை. வாடுகிற முகம் எப்படியிருக்கும் என்று அவற்றுக்கு இன்னும் தெரியாது.

"யாரும் பாத்தியைத் தொடாதீங்க" என்றேன். "முதல்ல ரெண்டையும் தனித்தனிக் கப்புல மண்ணோட கலந்து பயறு போட்டுப் பாப்போம். எந்தக் கப்புல நல்லா வளருதோ, அதைப் போடுவோம்."

"கப்பு என்ன வாண்டு, ஜட்ஜா?" என்றார் சித்தப்பா.

"உங்க ரெண்டு பேரை விட அது நல்ல ஜட்ஜ், தம்பி" என்று உள்ளே போய்க்கொண்டே சொன்னார் அம்மா.

எனக்கும் ஒரு யோசனை இருந்தது. டீ குடித்தால் எனக்குத் தெம்பு வருகிறது, செடிக்கு வராதா? வடிகட்டியில் தங்கிய டீத்தூளை, பாலும் சர்க்கரையுமாக அப்படியே இன்னொரு கப்பின் மண்ணில் கலந்தேன். என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஒரு கப் மிச்சம் இருந்தது. கொல்லை மூலையில் அம்மா மாதக்கணக்காகக் காய்கறித் தோலும் சருகும் கொட்டுகிற குவியல் உண்டு. அதன் அடியில் கைவிட்டேன். கறுப்பாக, உதிரியாக வந்தது. நாறவே இல்லை, மழை பெய்த மண் போல மணத்தது. அதையும் மண்ணில் கலந்து வைத்தேன்.

"அம்மா, உனக்கும் ஒரு கப்பு!"

"என்னை இழுக்காத. நான் எந்தக் கட்சியிலயும் இல்ல."

கப்புகள் ஜன்னலோரம் உட்கார்ந்தன. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது தன் கப்பிடம் ஏதோ ரகசியம் பேசினார். சித்தப்பா யாரும் பார்க்காதபோது தன் கப்பை வெயில் பக்கம் நகர்த்தினார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அதற்குத்தான் போயிருந்தேன்.

ஒரு காலையில் முடிவு தெரிந்தது. அப்பாவின் கப்பில் பயறு அழுகியிருந்தது. சித்தப்பாவுடையது முளைத்து, இலை நுனி கருகியிருந்தது. அம்மாவின் கப்பில் தடித்த தண்டும் பச்சை இலைகளும் நிமிர்ந்து நின்றன.

என் கப்பில் வெள்ளை வெளேரென்று பூஞ்சை. சுற்றிலும் எறும்பு ஊர்வலம்.

அப்பாவின் கப்பை முதலில் காட்டினால் சித்தப்பா சிரிப்பார். சித்தப்பாவுடையதைக் காட்டினால் அப்பா சிரிப்பார். பிறகு மறுபடி சண்டை, கடைசியில் கம்பிதான். யோசித்து, என் கப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என் விளைச்சலைப் பாருங்க. பஞ்சு! அறுவடைக்கு எறும்புகூட வந்தாச்சு."

சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே போய்த் தன் கப்பை எடுத்துவந்தார்.

"என்னோடது வாயே திறக்கலடா."

"என்னோடது திறந்து நாக்கைச் சுட்டுக்கிச்சுண்ணா" என்றார் சித்தப்பா.

பிறகு கடைசிக் கப்பை நடுவில் வைத்தேன்.

"இது யாரோடது?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். நான் சமையலறையைக் கை காட்டினேன்.

அம்மா கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார். "என் குப்பையா இது?"

அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப என் மூட்டையைத் தூக்கிப் போட்டுடவா?"

"வேணாம்ப்பா. காய்கறித் தோல்கூட முதல்ல நாறத்தானே செஞ்சுது? எருவும் அந்த மூலையில கிடந்து மக்கட்டும். அடுத்த நடவுக்கு ஆகும். சாம்பலை எடுத்து வச்சு, அப்பப்ப கொஞ்சூண்டு தூவிக்கலாம்."

"கொஞ்சூண்டுன்னா?" என்றார் சித்தப்பா ஆசையாக.

"உங்க கை பெரிசு. நானே தூவுறேன்."

அம்மாவின் குப்பையைப் பாத்தியில் கலந்து நாற்றுகளை நட்டோம். இப்போது யாராவது வெங்காயத் தோலைத் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது.

சொன்னபடியே அம்மா கம்பியும் நட்டுவிட்டார். காய்ப் பாரம் தாங்காமல் சாய்ந்த தக்காளிச் செடிகளை அந்தக் கம்பிகளில்தான் கட்டியிருக்கிறோம்.

என் டீத்தூளுக்கும் அந்த மூலையில் இடம் கிடைத்துவிட்டது. பாலும் சர்க்கரையும் போகக் குளிப்பாட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டுமாம்.