ஜெனிலின் பூம்பொடி

"ரெஜித்து பூம்பொடியை மாத்தி வச்சிட்டான் சார். நீங்க திரும்ப வாங்கித் தரணும். இல்லேங்கில் நான் போலீசுக்குப் போவேன்." ஷிஜா விரல் நீளக் குப்பியொன்றை மேசையில் வைத்தாள்.

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ராஜையா நிதானமாகக் கண்ணாடியை மாட்டினார். அவருடைய ஆட்டோக்காரர் ஜோஷிக்கோ, ரெஜித்தை அப்போதே தூக்கிவரக் கை பரபரத்தது.

ஷிஜாவின் கணவன் ஜெனில், குளத்தூரில் தொட்டிகளில் தாமரை வளர்த்து, இரண்டு வகையைச் சேர்த்துப் புதுவகை உண்டாக்கியவன். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் அவனுடைய செந்தாமரை அழுகிப்போனது. பின்னாலேயே அவனும் போனான். அந்தப் பூவின் மகரந்தம் மட்டும், ஈரத்தை உறிஞ்சினால் இளஞ்சிவப்பாக மாறும் நீல மணிகளோடு குப்பியில் அடைபட்டு ஃப்ரீசரில் இருந்தது. வெள்ளைத் தாமரை விரியும்போது தொட்டுவைக்கச் சொல்லியிருந்தான். ஷிஜா மூன்று பூக்களில் தொட்டுவைத்தாள். ஒரு விதைகூடப் பிடிக்கவில்லை. ரெஜித்தும் ஜெனிலைப் போலத் தாமரை வளர்க்கிறவன்.

"ரெஜித்து எத்தனை தடவை வந்தான்?"

"ஒரே தடவை. பொடியைக் கேட்டான், தரமாட்டேன்னேன். அடுக்களையில தண்ணி குடிச்சிட்டுப் போனான்."

"கரண்டு போயி கெட்டிருக்கும்" என்றார் ஜோஷி.

"மூடின குப்பிக்குள்ள ஈரம் எப்படிவே போவும்? மணியைப் பாரும்" என்றார் ராஜையா.

மணிகள் அத்தனையும் இளஞ்சிவப்பாகியிருந்தன.

சாயங்காலம் ஷிஜாவின் வீட்டில் ரெஜித்தும் வந்து நின்றான். ஜெனிலின் தாய் ரத்னபாய் ஜெபத்துக்குரிய பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அதை வாங்கிப் புரட்டிய ராஜையாவின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"நான் கள்ளனா சார்?" என்றான் ரெஜித்.

"இல்லடே. நீ தாமரைக்காரன். குப்பியை அரைமணி நேரம் வெளிய வச்சு, குளிர் போனபெறகுதான் தொறப்பே. குளிரோட தொறந்தா காத்துல உள்ள ஈரம் இறங்கி பொடி செத்துப்போவும். மாத்தி வச்சிருந்தா புது நீல மணியில்லா போட்டிருப்பே? இம்புட்டும் நிறம் மாறணும்னா பலநாள் தொறந்திருக்கணும். நீ வந்தது ஒருநாள்."

"அப்போ யாரு?" ஷிஜாவின் குரல் உயர்ந்தது.

ராஜையா புத்தகத்தை விரித்துக் காட்டினார். பக்கங்களின் நடுவே மஞ்சள் பொடி.

"நான்தான் மக்கா" என்றாள் ரத்னபாய். "நீ பாறசாலை கடையிலேருந்து வர எட்டு மணியாவும். ஆறு மணி ஜெபத்துக்கு அவன் எனக்க பக்கத்திலதானே இருப்பான்? ஒத்தைக்குப் பாட்டு வரல்ல. குப்பியைத் தொறந்து பக்கத்தில வச்சேன். அவன் கைகொண்டு எடுத்ததாக்கும். கெட்டுப்போவும்னு தெரியாது மக்கா."

ஜோஷி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு நேரம் முறைத்து நின்ற ரெஜித், கிழவியின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தான். ஷிஜாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மணம் உண்டாம்மா?" என்று கேட்டாள்.

"முதல்ல உண்டு. அவனுக்க சட்டையில வருமே, அதே மணம். இப்போ ஃப்ரீசர்ல உள்ள மீன்வாசம் மட்டும்தான்."

ஷிஜா குப்பியைத் திறந்து, கண்ணை மூடி, நெடுநேரம் முகர்ந்தாள்.

"இல்லம்மா" என்றாள். "இப்பவும் உண்டு."