ஒரு துளி துத்தநாகம்

"கதவை மூடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் கதவை மூடினான்... உள்ளே வந்து நின்றபடி!

வெளியே அடைமழை. தகரக் கூரையிலிருந்து கொட்டிய தண்ணீரில் ஓடிவந்தவன் தலை சொட்டச் சொட்ட நின்றான். தூசிகூட அனுமதி கேட்டு நுழைய வேண்டிய ஆய்வகம் அது. தலையுறை, முகமூடிக்கு நடுவே அவளிடம் தெரிந்தவை கண்கள்தான். அவையும் அனல் கக்கின.

'அடடா, என்ன கண்ணு...' என்று அவன் சொக்கிப்போய் அவள் மேசைமேல் குனிகையில், முன்முடியிலிருந்து ஒரு துளி நேராக அவள் குப்பிக்குள் விழுந்தது.

"போச்சு! கூரைத் தகரத்துல பூசியிருக்கறது துத்தநாகம். நான் அளக்கப்போறதும் துத்தநாகம்!"

குப்பியில் இருந்தது அமிலத்தில் கரைத்த எரிமலைப் பாறை. கடலடிச் சேறு பூமிக்குள் இழுபட்டுப்போய், யுகங்கள் கழித்து எரிமலைக் குழம்போடு திரும்பி வருகிறது என்பது அவள் கட்சி. அந்தச் சேற்றின் துத்தநாகத்தில் கனமான அணுக்கள் சற்றுக் கூடுதல். பாறையிலும் அப்படியிருந்தால் அவள் ஜெயித்தாள். ஆனால் அந்தப் பாறையில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான்.

"எரிமலை ஏறி அந்தக் கல்லைக் கொண்டுவந்ததே நான்தான் மேடம்..."

"கெடுத்ததும் நீங்கதான். இனிமே இந்தப் பக்கம் தலைய காட்டாதீங்க!"

மறுநாள் காலை வாசலில் நின்றான், தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு.

"தலைய காட்டல, பாருங்க. இது அதே குழம்புல எடுத்த கல்லு. முதல்முதலா ஏறினப்போ ஞாபகத்துக்கு வெச்சுக்கிட்டது. உடைச்சுக்குங்க. சாயங்காலம் எனக்குக் கப்பல்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கினாள். நன்றிகூடச் சொல்லவில்லை. அவ்வளவு வீம்பு!

மத்தியானம் இயந்திரம் கணக்குச் சொன்னது. குப்பியில் எக்கச்சக்கத் துத்தநாகம். பாறையே போடாமல், அழுக்கு சேர்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்திருந்த வெறும் குப்பியிலும் அதே அளவு! அதை அவள் மூடிவைத்தது அவன் வருவதற்கு முந்தின நாள்.

அப்படியென்றால்...?

தலையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்தாள். நெற்றிப் பருவுக்கு மூன்று நாளாக அக்கா தடவிவிடும் ரோஸ் நிற லோஷன். துத்தநாகத்தில் செய்தது. தலையுறையை விலக்கி, கையுறையோடு பருவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது அவளேதான்!

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவன் கப்பலேறிவிடுவான்... ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உறை கண்ணுக்குள்ளேயே நின்றது. குடையைக்கூட எடுக்காமல் மழையில் ஓடினாள்.

பேருந்து நிறுத்தத்தில் அதே உறையோடு நின்றிருந்தான்.

"நீங்க இல்ல... நான்தான். என் பரு மருந்து. குப்பி நீங்க வர்றதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு. மன்னிச்சிடுங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ என் கல்லு?"

"பாதியை உடைப்பேன். மீதியை... நீங்க வந்துதான் வாங்கிக்கணும்."

"வரணுமா?"

"வரணும். எனக்குப் பிடிச்சிருக்கு... கல்லைச் சொல்லல."

"எனக்கு நேத்தே பிடிச்சுது. அந்தத் திட்டுலயே! ஆமா, அந்தச் சேறு திரும்பி வர எவ்வளவு நாளாச்சு?"

"கோடிக்கணக்கான வருஷம்."

"நான் அடுத்த மாசமே வந்துடறேன்." உறையைக் கழற்றினான். "இனிமே தலைய காட்டலாம்தானே?"

மழை இருவரையும் நனைத்தது. அவன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். அடுத்த மாதம் இயந்திரத்தில் கனமான துத்தநாகம் தெரிந்தபோது துள்ளிக் குதித்தவர்கள் இரண்டு பேர்... இருவர் தலையிலும் உறை இருந்தது.